நான் சொன்ன சாட்சி

அப்பாவிடம் யாராவது சுகம் விசாரித்தால் எனக்குக் கோபம் வரும். கேட்கிறவர்மீது அல்ல, அப்பா சொல்லப்போகிற பதில்மீது. கட்டிலில் கிடந்தபடியே கழுத்தை மட்டும் வந்தவரின் பக்கம் திருப்பி, ஏதோ நல்ல செய்தியை முதன்முதலாகச் சொல்கிறவரைப்போல, "ஆண்டவருக்குத் தோத்திரம், எனக்கு ஒரு குறையுமில்லை" என்பார்.

அப்படிச் சொன்ன மனிதருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. முதுகில் மூன்று இடத்தில் படுக்கைப் புண். அம்மா தினமும் காலையில் வேப்பிலை அவித்த தண்ணீரால் அவற்றைக் கழுவி, இளம் வாழையிலை விரித்து, அதன்மேல் அவரைப் புரட்டிக் கிடத்துவார். அந்த நேரம் நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். வெளியே நின்றாலும் மணம் வரும். அந்த மணத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். அங்கே ஆசிரியை "நிறைவு" என்ற சொல்லை வைத்து ஒரு வசனம் எழுதச் சொல்லுவார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. அப்பா இளவயதில் வெள்ளைக்காரக் கடற்படையின் பட்டறையில் வேலைசெய்தவர். அவர்கள் கப்பலேறிப் போனபோது அந்த வேலையும் அவர்களோடு போய்விட்டது. பிறகு, கப்பல்களுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்ற ஒப்பந்தம் எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் சேர்ந்தார். பெட்டிகளைத் தட்டைப்படகில் ஏற்றி, குடாவின் நடுவில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கயிற்று வலையில் அடுக்கிக் கட்டினால், கப்பலின் பாரந்தூக்கி மேலே இழுத்துக்கொள்ளும். ஒருநாள் வலை பாதி உயரத்தில் அறுந்தது. கீழே படகில் நின்ற மற்றவர்கள் தண்ணீருக்குள் குதித்துவிட்டார்கள். அப்பா குதிப்பதற்குமுன் பெட்டிகள் வந்துவிட்டன.

கயிறு பழசு. அப்பாவோடு வேலைசெய்தவர்கள் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று அதைத்தான் கதைத்தார்கள். புதுக் கயிறு வேண்டுமென்று மூன்று தரம் கேட்டார்களாம். "அடுத்த கப்பலுக்குப் பாப்பம்" என்றாராம் கொந்தராத்துக்காரர். நான் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி அவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆனால் விசாரிக்க வந்த உத்தியோகத்தரிடம் அப்பா, "ஆரையும் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை" என்று மட்டும் சொன்னார். வேலை சுருக்கமாக முடிந்த சந்தோஷத்தில் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொண்டு போனார்.

கொந்தராத்துக்காரரும் எங்கள் வேதக் கோவிலைச் சேர்ந்தவர்தான். முன்வரிசை வாங்கில், காற்றாடிக்கு நேர்கீழே அவருடைய இடம். அந்தக் காற்றாடியும் அவர் கொடுத்ததுதான். நாங்கள் அவரை மாமா என்று கூப்பிட வேண்டும் என்று அப்பா பழக்கியிருந்தார். விபத்துக்குப் பிறகு, மாதம் பிறந்தால் மாமா கால் சாக்கு அரிசி அனுப்புவார். தூக்கிவருபவன் ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி, "முதலாளி தந்துவிட்டவர்!" என்று சொல்லித்தான் வாசலில் இறக்குவான். அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார். அப்பாதான் தோத்திரம் சொல்லுவார். மாதத்தின் பாதியில் அரிசி முடிந்துவிடும். மிச்சப் பாதிக்கு மரவள்ளிக்கிழங்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைக் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கை வைத்த கதிரை ஒன்றின் இரு பக்கமும் மூங்கில் கட்டி, முன்னால் இருவர், பின்னால் இருவர். நாலு பேரும் மாமாவிடம் வேலைசெய்பவர்கள். நான் பக்கத்தில் குடை பிடித்தபடி நடப்பேன். மற்றக் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அப்பாவுக்கு அவசரத்துக்குத் தேவைப்படும் போத்தலும் பழந்துணியும் இருக்கும். வழியில் என் வகுப்புப் பிள்ளைகள் நின்றால் பையை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பேன். அப்பாவோ குடைக்குக் கீழே இருந்து போவோர் வருவோருக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டு வருவார். கலியாண மாப்பிள்ளைகூட அவ்வளவு சந்தோஷமாக ஊர்வலம் போயிருக்க மாட்டார்.

கோவிலில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. அவர் கேட்டு வாங்கிய வேலை அல்ல. யாராவது கஷ்டத்தைச் சொல்லி முறைப்பட்டால், சபையார் அப்பாவைக் காட்டுவார்கள். மகனுக்கு உத்தியோகம் கிடைக்கவில்லை என்று அழுத பெண்ணுக்கு அப்பா காட்டப்பட்டார். ஒரு இறாத்தல் பாணுக்கு விடியுமுன் பேக்கரி வாசலில் வரிசையாக நிற்கவேண்டிய காலம் அது. அதைப்பற்றி முணுமுணுத்தவர்களுக்கும் அப்பா காட்டப்பட்டார். போதகர் பிரசங்கத்தின் நடுவில், "நம்முடைய சகோதரனைப் பாருங்கள்" என்றதும் முழுச் சபையும் திரும்பும். அப்பாவோடு சேர்த்து என்னையும், என் மடியில் இருக்கும் பையையும் பார்க்கும்.

அந்த வருடத்துத் தோத்திரப் பண்டிகைக்குக் கோவிலுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். தன் செலவில் அடித்துக் கொடுத்தவர் மாமா. ஆராதனை தொடங்கமுன் அவர் அப்பாவின் கதிரையடிக்கு வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சேட்டு, கையில் முகம் துடைக்க மடித்த லேஞ்சி. அப்பாவின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு என் தலையில் கைவைத்து, "பிள்ளை, உன்ர அப்பாவைப் பாத்துத்தான் நான் மனம் ஆறுறனான். இல்லையெண்டா எனக்கு நித்திரையே வந்திருக்காது" என்றார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவைப் புரட்டிவிட அம்மா ஒவ்வோர் இரவும் மூன்று தரம் எழும்புகிறார். அம்மா எழும்பினால் தம்பி எழும்புவான், தம்பி எழும்பினால் நான். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை. இந்த மனிதர் எங்கள் அப்பாவைத் தலைக்கு வைத்துக்கொண்டு நித்திரை கொள்கிறார்! அவர் போய்த் தன்னிடத்தில் இருந்த பிறகும் அந்தக் கையின் சூடு என் தலையை விட்டுப் போகவில்லை. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

பாட்டும் வாசிப்பும் முடிந்து, ஆண்டவர் தமக்குச் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழும்பிச் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. போதகர் முதலில் அப்பாவைத்தான் கூப்பிட்டார். எழுந்து நிற்க முடியாததற்குச் சபையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அப்பா தொடங்கினார். ஆண்டவர் தன்னைக் கைவிடவில்லை என்றார். மனைவி, பிள்ளைகள், சபை, "எங்களைப் பாக்கிற நல்ல மனுசர்" என்று எல்லோரையும் நினைத்து நன்றி சொன்னார். "எனக்கு ஒரு குறையுமில்லை" என்று முடித்தார். சபை ஆமென் என்றது. மாமா லேஞ்சியை விரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"வேற ஆராவது?" என்று போதகர் கேட்டார்.

நான் எழும்பினேன். எழும்பவேண்டும் என்று நினைத்ததாக ஞாபகம் இல்லை. போதகர் சிரித்தார். சின்னப்பிள்ளைகள் சாட்சி சொல்ல எழும்பினால் எல்லோருக்கும் பிடிக்கும். சோதனை பாஸானதற்கோ காய்ச்சல் மாறியதற்கோ தோத்திரம் சொல்லிவிட்டு இருந்துவிடுவார்கள்.

"சொல்லு மகள்," என்றார்.

"எங்களுக்குக் குறை இருக்கு," என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஆனால் நிற்பாட்ட முடியவில்லை.

"அப்பாவின்ர முதுகில மூண்டு புண். மணக்குது. அம்மா நேற்றுச் சாப்பிடேல்லை. முந்தநாளும் சாப்பிடேல்லை, சாப்பிட்டனான் எண்டு பொய் சொன்னவ. தம்பி கிழங்கைக் கண்டாலே அழுறான். அந்தக் கயிறு பழசு. இவைக்கும் தெரியும்." கதிரை தூக்கிவந்த நாலு பேரையும் கை நீட்டிக் காட்டினேன். "மாமாவுக்கும் தெரியும். மாமா புதுக் கயிறு வாங்கித் தரேல்லை. வெள்ளை அடிச்சுத் தந்திருக்கிறார். ஆமென்."

சாட்சி சொன்னால் கடைசியில் ஆமென் சொல்லவேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். நான் சொன்னேன். திருப்பி ஒருவரும் சொல்லவில்லை.

 பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்தார். நகத்தால் நுள்ளப்போகிறார் என்று நினைத்தேன். நுள்ளவில்லை, பிடித்தபடியே இருந்தார். அப்பா கண்ணை மூடியிருந்தார். போதகர் அவசரமாக ஒரு பாட்டின் இலக்கத்தைச் சொன்னார். ஹார்மோனியம் வாசிப்பவர் பதற்றத்தில் மிக உயர்ந்த சுருதியில் தொடங்கிவிட்டார். முழுச் சபையும் கழுத்து நரம்பு புடைக்கக் கீச்சிட்டபடி ஆண்டவரைத் துதித்தது.

ஆராதனை முடிந்ததும் மாமா யாரையும் பார்க்காமல் காரில் ஏறிப் போனார். கதிரை தூக்குகிற நாலு பேரும் வாசலில் நின்று ஆளையாள் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, "என்ன பிள்ளை இப்பிடிச் செய்துபோட்டாய்? நாங்களும் பிள்ளைகுட்டிக்காரர் எல்லோ" என்றார் தணிந்த குரலில். ஆஸ்பத்திரி விறாந்தையில் கயிற்றைப் பற்றி உரத்துக் கதைத்தவர் அவர்தான். பிறகு நால்வரும் போய்விட்டார்கள்.

வெறுங்கோவிலில் அப்பா கதிரையில் இருந்தார். அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம். கதிரை அசையவில்லை. "அவை வருவினம்" என்றார் அப்பா. அவர்கள் வரவில்லை. கடைசியில் போதகர் அங்கியைக் கழற்றி வாங்கில் போட்டுவிட்டு வந்தார். மெலிந்த மனிதர். வாழ்க்கையில் அவர் தூக்கிய ஆகப் பெரிய பாரம் ஒரு கட்டுப் பாட்டுப் புத்தகமாகத்தான் இருந்திருக்கும். அவர் ஒரு மூலையைப் பிடித்தார். கோவிலைக் கூட்டுகிற கிழவர் ஒரு மூலை. வீதியோடு போன ஐஸ்பழக்காரர் சைக்கிளைக் கோவில் மதிலில் சாத்திவிட்டு வந்து ஒரு மூலை. நாலாவது மூலையை அம்மா பிடித்தார். நான் தம்பியைத் தூக்கிக்கொண்டேன்.

நல்ல வெயில். பத்து அடிக்கு ஒருதரம் போதகர் நின்றார். "ஐயா, உங்கட பக்கம் கொஞ்சம் தாழுது. மெல்ல, மெல்ல. இப்ப நில்லுங்கோ. சரி, இப்ப தூக்குங்கோ" என்று அப்பா, பாரம் இறக்குகிறவர்களுக்குக் குரல் கொடுப்பதைப்போலச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கடற்கரைத் திடலில் எப்போதும் மேய்கிற ஊர் மான்கள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தன. வீட்டு வாசலில் கதிரையை இறக்கியதும் போதகர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். மூங்கில் பட்ட இடத்தில் அவருடைய உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஒவ்வொரு கிழமையும் இப்பிடியோ?" என்று கேட்டார். இரண்டு வருடமாகப் பிரசங்கத்தில் அப்பாவைத் தூக்கிக் காட்டியவருக்கு அன்றைக்குத்தான் அவருடைய பாரம் தெரிந்தது.

நான் அடிக்காகக் காத்திருந்தேன். அடி விழவில்லை. "பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குடும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மாமா வந்தார். கூடவே சபை மூப்பர் இருவர். போதகர் வரவில்லை. வீட்டில் இருந்த ஒரே கதிரையில், மூங்கில் இன்னும் அவிழ்க்கப்படாத அதே கதிரையில், மாமா இருந்தார். மூப்பர்கள் நின்றார்கள்.

"பிள்ளைக்கு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம்," என்றார் மாமா. அம்மா நின்ற குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குப் பிள்ளையில கோபமில்லை, தம்பி. ஆனா சபைக்கு முன்னால சொன்னதைச் சபைக்கு முன்னாலதான் மாத்த வேணும். வாற ஞாயிறு பிள்ளை மன்னிப்புக் கேக்கட்டும். நீயும், அந்தக் கயிறு நல்லாத்தான் இருந்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடு. அவ்வளவுதான்."

நான் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அப்பா என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு, தோத்திரத்தோடு சொல்லுவார். 

"அது ஏலாது, அண்ணை," என்றார் அப்பா.

மாமாவுக்கு விளங்கவில்லை. "என்ன ஏலாது?"

"கயிறு பழசுதானே."

குரலில் கோபமே இல்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

மாமாவின் முகம் கறுத்தது. "அப்ப, மன்னிச்சிட்டன் எண்டு ஆஸ்பத்திரியில என்ர கையைப் பிடிச்சுச் சொன்னனியே, அது பொய்யோ?"

"பொய் இல்லை, அண்ணை. மன்னிச்சிட்டன்." அப்பா கொஞ்சம் மூச்சு வாங்கினார். நீளமாகக் கதைத்தால் அவருக்கு இளைக்கும். "கயிறு நல்லா இருந்திருந்தா, நான் உங்களை என்னத்துக்கு மன்னிக்க வேணும்?"

மூப்பர் ஒருவர் இருமினார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சீனி கூப்பனுக்குக் கிடைத்த காலம் அது. வீட்டுக்கு யாராவது வந்தால் ஒரு சின்னத் துண்டு பனங்கட்டியாவது கூடக் கொடுப்போம். அன்றைக்கு வெறும் தேத்தண்ணி. பேணிக்குள் பனங்கட்டி இருந்தது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். மாமா குடிக்காமல் எழும்பினார்.

"ஆறப்போகுது. குடிச்சிட்டுப் போங்கோ, அண்ணை," என்றார் அப்பா.

கயிறு பழசு என்று அப்பா சொன்னபோது எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது. இனித் திட்டுவார், எழும்பிப் போங்கோ என்பார், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவரோ தேத்தண்ணி ஆறுகிறதே என்று கவலைப்படுகிறார். அந்த ஒரு வசனத்தை நான் அவருக்கு நெடுங்காலம் மன்னிக்கவில்லை.

அடுத்த மாதம் அரிசி வரவில்லை. கதிரை தூக்க ஆட்கள் வரவில்லை. போதகர் மட்டும் அடிக்கடி பின்னேரங்களில் வந்தார். பிரசங்கத்தில் அதற்குப் பிறகு அவர் அப்பாவைக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து, கையை மடித்துவிட்டுக்கொண்டு, அப்பாவைப் புரட்டிக் கிடத்த அம்மாவுக்குக் கைகொடுத்தார். துறைமுகத்துக்குப் புதுக் கயிறு வந்துவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். அப்பா அதைக் கேட்டு, "நல்லது, நல்லது" என்று இரண்டு தரம் சொன்னார். எனக்கு அதில் என்ன நல்லது என்று தெரியவில்லை. மாமா முன்வரிசையில், காற்றாடியின் கீழே, இன்னும் நெடுங்காலம் இருந்தார். அவர் இறந்தபோது ஊரே திரண்டது என்றும், அவருடைய ஈகையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. போயிருந்தால் நாலாவதாக நானும் எழும்பியிருப்பேன்.

சாட்சி சொன்னால் ஏதோ நடக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் நடந்தது, முன்னைவிடக் கூடப் பசித்ததுதான். அம்மா இரண்டு வீடுகளுக்கு மா இடிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் போகத் தொடங்கினார். தம்பியைப் பக்கத்து வீட்டு ராத்தா பார்த்துக்கொண்டார். கிண்ணியாவிலிருந்து வந்து குடியிருந்த முஸ்லிம் குடும்பம் அது. அக்கா என்ற முறையில் அம்மா அவரை ராத்தா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பிள்ளையைப் பார்க்கிறேன் என்ற சாட்டில் அவன் வயிற்றையும் அவரே நிரப்பி அனுப்பினார்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குள் பூனை விழுந்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லையென்று எங்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒழுங்கைக்குள் திரும்பியதும் எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆண்குரல் கத்துவது கேட்டது. மாமாதான் சண்டைக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. வேலியோரம் கிடந்த கல்லொன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, அது அப்பாவின் குரல்.

"பதில் சொல்லும்! என்னத்துக்கு என்னை இப்பிடி வைச்சிருக்கிறீர்? என்ர மனிசி எலும்பாப் போறாள். என்ர பிள்ளை சபைக்கு நடுவில நிண்டு பசி எண்டு சொல்லுது. நீர் அங்கதானே இருந்தனீர்! கேட்டுக்கொண்டுதானே இருந்தனீர்!" கையால் சுவரை அடிக்கும் சத்தம். "காலை எடுத்தீர், சரி. மிச்சத்தையும் எடும். ஆனா அதுகளுக்குச் சோறு போடும். அதுகூட ஏலாதோ உமக்கு?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் வாசலடியில் கல்லும் கையுமாக நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராத்தா கூப்பிட்டார். இடுப்பில் தம்பி, அவன் வாயில் ரொட்டித் துண்டு.

"இப்ப உள்ள போகாத, புள்ள. ஒங்கட வாப்பா படச்சவனோட கதைக்கிறார்."

"ஆரோட?"

"படச்சவனோட. நாங்க இந்த நேரம் ரேடியோவ நிப்பாட்டிப் போடுவம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும். முந்தி ஒங்கட உம்மா கிணத்தடிக்குப் போற நேரம் பாத்துக் கதைப்பார். இப்ப அவ வேலைக்குப் போன பொறகு." ராத்தா கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டார். "இண்டைக்குக் கொஞ்சம் கூடத்தான்."

சத்தம் மெல்ல மெல்லத் தணிந்தது. பிறகு அழுகை மாதிரி ஒன்று. பிறகு அதுவும் இல்லை.  நான் கல்லைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அப்பாவின் முகம் ஈரமாக இருந்தது. ஆனால் கிணற்றடியில் தோய்ந்துவிட்டு வந்தவரின் முகம்போல் தெளிவாக இருந்தது.

"பள்ளிக்கூடம் விட்டாச்சோ?"

"கிணத்துக்குள்ள பூனை விழுந்திட்டுதாம்."

"எடுத்தாச்சோ பூனையை?"

"தெரியாது."

"பாவம்," என்றார். உண்மையாகவே பூனைக்காகக் கவலைப்பட்டார்.

"ஆரோட கத்தினனீங்கள்?" என்று கேட்டேன்.

சீனி திருடிப் பிடிபட்ட பிள்ளையைப்போல என்னைப் பார்த்தார். "கேட்டனியோ? அம்மாவுக்குச் சொல்லாதை."

அன்று பின்னேரம் போதகர் வந்து, கட்டில் ஓரத்தில் இருந்து, "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்டார். "ஆண்டவருக்குத் தோத்திரம் ஐயா, எனக்கு ஒரு குறையுமில்லை" என்றார் அப்பா. குரல் நடுங்கவில்லை. குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நான் கையிலிருந்த பேணியை நிலத்தில் அடித்தேன். அது நெளிந்து உருண்டது. அம்மா அதை எடுத்து அடுக்கில் வைத்தார்.

அப்பா பொய்யர் என்று அன்று முடிவுகட்டினேன். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும். பகலில் நான் கேட்டது உண்மையென்றால், பின்னேரம் அவர் சொன்னது பொய். கண்டுபிடித்துவிட்ட ஆத்திரத்தில் வீட்டின் பின்பக்கம் போனேன். அப்பாவால் முடியுமென்றால் என்னாலும் முடியும் என்று நினைத்தேன். அவரைவிட எனக்குத்தான் கூடக் கோபம். அண்ணாந்து பார்த்து, முழு மூச்சையும் இழுத்து, வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை. மேலே வானம் இருந்தது, பப்பாசி மரத்தில் ஒரு காகம் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். உள்ளே அப்பாவும் போதகரும் எதற்கோ சிரிப்பது கேட்டது. அப்பா அப்படிக் கத்தியது, கேட்டுக்கொண்டு ஒருவர் இருக்கிறார் என்பதில் அவருக்கு ஒரு துளியும் சந்தேகம் இல்லாததால்தான் என்பது, அந்தப் பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை.